கடைமடை வரை நீர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொறியியல் கல்லூரியில் வெப்பப் பரிமாற்றம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். 2011 மார்ச் மாதம் மூன்றாம் வாரம், வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "சார், ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறார்களே, அத்தனை ஊற்றியும் ஏன் சார் சூடு அடங்கவில்லை?" ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணு மின் நிலையத்தின் மேல் ஹெலிகாப்டர்கள் பறந்த காட்சியை முந்தைய நாள் இரவு நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். அன்று என்னிடம் முழுமையான விடை இல்லை. அதன் பிறகு விசாரணை அறிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றைப் படித்துப் படித்து எனக்குக் கிடைத்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது காவிரியின் கடைமடைப் பகுதியில். கல்லணையில் இன்று இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று செய்தித்தாள் எழுதும். என் தந்தையார் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். வாய்க்கால் கரையில் நின்று, நம் மடைக்கு வந்ததா என்றுதான் பார்ப்பார். சேதமடைந்த உலையைக் குளிர்விப்பதும் கடைமடைக்காரர் கேட்கும் அதே கேள்விதான். ஊற்றிய அளவு ஒரு கணக்கு, போய்ச் சேர்ந்த அளவு வேறு கணக்கு.

முதலில் அந்தச் சூடு எது என்று பார்த்துவிடுவோம். அணு உலையை நிறுத்துவது பெரிய காரியம் அல்ல. 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46 மணிக்கு 9.0 அளவு நிலநடுக்கம் வந்தபோது, டாய்ச்சியில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. கட்டுப்பாட்டுக் கோல்கள் சில நொடிகளில் கீழிருந்து மேலேறின, யுரேனியம் பிளவுபடுவது நின்றது. ஆனால் ஏற்கெனவே பிளந்து கிடக்கும் துணுக்குகள், அயோடினும் சீசியமும் மற்றவையும், தம்பாட்டுக்குச் சிதைந்துகொண்டே இருக்கும். சிதையும்போதெல்லாம் சூடு பிறக்கும், இதைத்தான் எஞ்சு வெப்பம் என்கிறோம். விறகை இழுத்துப்போட்ட அடுப்பில் தணல் கனன்றுகொண்டிருப்பதை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். பாதி வழி வரைதான் அந்த உவமை வரும். தணலின் மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் கரிதான் மிஞ்சும். இந்தத் தணலை அப்படி அணைக்க முடியாது. பிறக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். நாள்கணக்கில், பிறகு ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு சூடு? உலை நின்ற கணத்தில் அதன் முழு வெப்ப ஆற்றலில் 6 முதல் 7 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை விழுக்காட்டுக்கு அருகில் வந்துவிடும். ஒரு நாளில் ஏறத்தாழ அரை விழுக்காடு. டாய்ச்சியின் 2ஆம், 3ஆம் உலைகள் ஒவ்வொன்றின் வெப்ப ஆற்றலும் 2,381 மெகாவாட். அதில் அரை விழுக்காடு என்றால் 12 மெகாவாட். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க ஏறத்தாழ 26 லட்சம் ஜூல் செலவாகும். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 16 அல்லது 17 டன் நீர் வரும். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்றரை லாரிக்குள் அடங்கிவிடும். ஒரு பெரிய உலையைக் காப்பாற்ற அந்த நேரத்தில் வேண்டியிருந்தது இவ்வளவுதான். பசிபிக் பெருங்கடல் எதிரிலேயே இருந்தது. அப்படியிருந்தும் மூன்று உலைகள் உருகின. இந்த ஒன்றரை லாரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பாரமாகிவிடும்.

நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுத்தது. ஏறத்தாழ 50 நிமிடம் கழித்து வந்த ஆழிப்பேரலை, ஆறு உலைகளுக்குமாக இருந்த 13 டீசல் ஜெனரேட்டர்களில் 12ஐச் செயலிழக்கச் செய்தது. தப்பியது ஒன்று. 6ஆம் உலைக்கு உரிய, காற்றால் குளிரும் ஜெனரேட்டர் அது. 5ஆம், 6ஆம் உலைகளைக் காப்பாற்றியதும் அதுதான்.

1ஆம் உலையில் பம்பு இல்லாமலே குளிர்விக்க ஓர் ஏற்பாடு இருந்தது. உலையின் நீராவி மேல்தளத்திலுள்ள தண்ணீர்த் தொட்டிகளுக்குள் ஓடும் குழாய் வழியே போய், அங்கே குளிர்ந்து நீராகி, தன் எடையாலேயே உலைக்குத் திரும்பி வழியும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் குழாய்களில் இருந்த வால்வுகளுக்கு மின்சாரம் வேண்டும். கட்டுப்பாட்டு மின்சாரம் அற்றுப்போனால் வால்வுகள் தாமாக மூடிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். குழாய் உடைந்தால் கதிரியக்கம் வெளியே போகக் கூடாது என்று, அடக்கிவைப்பதற்காகச் செய்த அமைப்பு அது. குளிர்விக்கும் வழியையும் அதுவே அடைத்துவிட்டது. சூட்டை வெளியே விடு என்பதும் நஞ்சை உள்ளே வை என்பதும் ஒரே குழாயில் மோதுகிற இடம் இது. அணு உலைப் பாதுகாப்பின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வால்வில் இருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

அன்று மாலை 6 மணிக்கு மேல் பணியாளர்கள் அந்த வால்வைத் திறந்தார்கள். தொட்டியில் நீர் தீர்ந்திருக்குமோ என்று அஞ்சிச் சில நிமிடங்களில் மூடினார்கள். மூடிய செய்தி அவசரநிலைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரவில்லை. ஏற்பாடு இயங்குகிறது என்றே அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். பணியிலிருந்தவர்களில் ஒருவர்கூட அந்த ஏற்பாடு உண்மையில் இயங்கிப் பார்த்ததில்லை என்று அரசு விசாரணைக் குழு பின்னர் பதிவு செய்தது.

இரவு 9.19க்கு நீர்மட்டக் கருவிக்கு எப்படியோ மின்சாரம் கிடைத்தது. எரிபொருளின் உச்சிக்கு மேல் 200 மில்லிமீட்டர் நீர் இருப்பதாக அது காட்டியது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அந்தக் கருவி ஒப்பிட்டுப் பார்க்கும் குழாயில் இருந்த நீரே கொதித்து ஆவியாகியிருந்தது. அளவுகோலே சுருங்கிப்போனால் அளப்பது எல்லாம் நீளமாகத்தானே தெரியும்? கருவி நீர் இருக்கிறது என்று சொன்ன அந்த நேரத்தில் எரிபொருள் நீருக்கு மேலே நின்று சிதைந்துகொண்டிருந்தது.

எரிபொருள் கோல்களின் உறை சிர்க்கோனியம் கலந்த உலோகம். 1,200 டிகிரியை எட்டினால் அது நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும், அந்த வினையில் மேலும் சூடு பிறக்கும். அந்த ஹைட்ரஜன்தான் 12ஆம் தேதி 1ஆம் உலைக் கட்டடத்தையும், 14ஆம் தேதி 3ஆம் உலைக் கட்டடத்தையும், 15ஆம் தேதி 4ஆம் உலைக் கட்டடத்தையும் பிய்த்தெறிந்தது.

இனி தீயணைப்பு வண்டிகள். வழக்கமான பம்புகள் எதுவும் ஓடாத நிலையில், தீயணைப்பு வண்டியின் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே உள்ள இணைப்பில் மாட்டி நீரைச் செலுத்த முடிவெடுத்தார்கள். கொதிநீர் உலைக்குள் ஏறத்தாழ 70 வளிமண்டல அழுத்தம். தீயணைப்பு வண்டியால் 10 வளிமண்டலம் அளவுக்கே தள்ள முடியும். விசில் அடித்துக்கொண்டிருக்கும் குக்கருக்குள் யாராவது தண்ணீர் ஊற்ற முடியுமா? முதலில் ஆவியை இறக்க வேண்டும். இறக்கும் வால்வுக்கு மின்சாரம் வேண்டும். ஊழியர்கள் தங்கள் கார்களில் இருந்த பேட்டரிகளைக் கழற்றி இருட்டில் சுமந்துகொண்டு போனார்கள். 12 வோல்ட் பேட்டரிகள் பத்தை வரிசையாக இணைத்தால் 120 வோல்ட். அதை வைத்து வால்வைத் திறந்தார்கள்.

2ஆம் உலையில் 14ஆம் தேதி மாலை நடந்ததைக் கேளுங்கள். மணிக்கணக்கில் போராடி அழுத்தத்தை இறக்கினார்கள். வழி திறந்துவிட்டது. நீர் உள்ளே போகவில்லை. போய்ப் பார்த்தால், தயாராக ஓடிக்கொண்டிருந்த தீயணைப்பு வண்டி டீசல் தீர்ந்து நின்றுபோயிருந்தது. கதிரியக்கம் கடுமையாக இருந்ததால் யாரும் வண்டிக்கு அருகிலேயே நிற்க முடியவில்லை, சுற்றில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுபடி டீசல் நிரப்பி நீர் போகத் தொடங்கியபோது இரவு 7.54. அந்த இடைவெளியில் எரிபொருள் வெறுமையாக நின்றது.

நிலைய மேலாளர் மசாவோ யோஷிடாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 12ஆம் தேதி மாலை 7.04க்கு 1ஆம் உலைக்குக் கடல் நீர் செலுத்தத் தொடங்கினார். கடல் நீர் என்றால் ஆழிப்பேரலை ஒரு குழியில் விட்டுச்சென்ற நீர்தான் முதலில் கிடைத்தது. கடல் நீரை ஊற்றிய உலை இனி எந்தக் காலத்திலும் மின்சாரம் தராது, அது தெரிந்தே எடுத்த முடிவு. பிரதமர் அலுவலகம் இன்னும் ஒப்பவில்லை, நிறுத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. யோஷிடா தன் ஊழியரை அருகில் அழைத்து, நான் நிறுத்தச் சொல்லி உரக்க ஆணையிடுவேன், நீங்கள் நிறுத்தாதீர்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு காணொளிக் கூட்டத்தில் எல்லோரும் கேட்க நிறுத்த ஆணையிட்டார். நீர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. 2013 ஜூலையில், 58ஆம் வயதில், உணவுக்குழாய்ப் புற்றுநோயால் அவர் மறைந்தார். அவர் செய்தது சரி என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

ஆனால் அவ்வளவு துணிவோடு செலுத்திய நீரும் முழுக்கப் போய்ச் சேரவில்லை. அந்தக் குழாய்த் தடத்திலிருந்து பிரிந்த கிளைகள் வழியே ஒரு பங்கு வேறு எங்கெங்கோ ஓடியது என்று நிலையத்தை நடத்திய நிறுவனமே பின்னாளில் ஆராய்ந்து அறிவித்தது. வாய்க்காலில் வழிநெடுக மடைகள் திறந்து கிடந்தால் கடைசி வயலுக்கு என்ன வரும்? வண்டியில் எத்தனை டன் செலுத்தினோம் என்ற கணக்கு இருந்தது. உலைக்குள் எத்தனை டன் விழுந்தது என்ற கணக்கு இல்லை.

என் மாணவர் கேட்ட ஹெலிகாப்டருக்கு வருகிறேன். அது உலைக்கு ஊற்றிய நீர் அல்ல. பயன்படுத்தி எடுத்த எரிபொருளைச் சேர்த்துவைக்கும் குளங்கள் உலைக் கட்டடங்களின் மேல்தளத்தில் உள்ளன. அவற்றுக்குத்தான் ஊற்றினார்கள். மார்ச் 17 காலை, தற்காப்புப் படையின் சினூக் ஹெலிகாப்டர்கள் 3ஆம் உலை மீது நான்கு முறை, மொத்தம் ஏறத்தாழ 30 டன் கடல் நீரை விட்டன. கதிரியக்கத்துக்கு அஞ்சி மிக உயரத்தில், நிற்காமல் பறந்தபடியே விட வேண்டியிருந்தது. நீர் காற்றில் மூடுபனியாகக் கலைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பறந்த வீரர்களின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். குளத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ சொற்பம்.

சேர்த்துக் கொடுத்தது கட்டட வேலைக்காரர்களின் இயந்திரம். மாடி வீடுகளுக்குத் தளம் போடும்போது கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்பு லாரியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 58 மீட்டர் கை கொண்ட அப்படி ஒரு ஜெர்மானிய லாரியை 22ஆம் தேதி 4ஆம் உலைக்கு அருகில் நிறுத்தி, கையை நீட்டி, குளத்துக்கு நேர் மேலே வைத்து நீரை இறக்கினார்கள். அங்கிருந்தவர்கள் அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்தார்கள். ஏப்ரலில் அதே கையால் குளத்து நீரை மொண்டு எடுத்துச் சோதித்தார்கள், எரிபொருளில் பெரும்பகுதி சிதையாமல் இருப்பது தெரிந்தது. ஊற்றிய கையே உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொன்னது. அந்த இரண்டும் ஒன்றுசேர்ந்த முதல் இடம் அதுதான் என்பேன்.

4ஆம் உலையின் குளத்தில்தான் எல்லோருக்கும் பெரும் அச்சம். உலையின் முழு எரிபொருளும் பராமரிப்புக்காகக் குளத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. புதியதும் பழையதுமாக 1,535 எரிபொருள் தொகுப்புகள். குளம் வற்றிவிட்டது என்று அமெரிக்க அணு ஒழுங்காற்று ஆணையத்தின் தலைவரே மார்ச் 16 அன்று அறிவித்தார். வற்றவில்லை. பராமரிப்பு வேலை தாமதமானதால் பக்கத்திலிருந்த உலைக்கிணறு இறைக்கப்படாமல் நிரம்பிக் கிடந்தது. குளத்தின் மட்டம் இறங்க இறங்க, இரண்டுக்கும் நடுவே இருந்த கதவின் இடுக்கு வழியாகக் கிணற்று நீர் குளத்துக்குள் வழிந்தது. எந்தத் திட்டத்திலும் இல்லாத நீர் அது. அந்த 1,535 தொகுப்புகளையும் 2014 டிசம்பரில் பத்திரமாக எடுத்து முடித்தார்கள்.

மேலிருந்து கொட்டுவதன் எல்லையை உலகம் 25 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தது. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் 4ஆம் உலை வெடித்த பிறகு, ஹெலிகாப்டர்கள் ஏறத்தாழ 5,000 டன் மணல், களிமண், ஈயம், டோலமைட், போரான் சேர்மங்கள் ஆகியவற்றை அதன் மேல் போட்டன. போரான் நியூட்ரான்களை விழுங்க, ஈயம் உருகிச் சூட்டை வாங்க, மணல் மூட. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. பின்னாளில் துளையிட்டும் உள்ளே நுழைந்தும் பார்த்தபோது, அதில் பெரும்பங்கு உலையின் குழிக்குள் விழவே இல்லை என்று தெரிந்தது. உருகிய எரிபொருள் கான்கிரீட்டையும் மணலையும் கரைத்துக்கொண்டு கீழ்த்தள அறைகளுக்குள் பரவி, மெல்லிய படலமாக விரிந்து, தானாகவே உறைந்து நின்றது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் அடியில் குடைந்து குளிர்விப்பு மேடை அமைத்தார்கள், அதற்கு வேலையே வரவில்லை. உருகிய எரிபொருளை அடியில் தாங்கிக்கொள்ளும் அந்த எண்ணம் மட்டும் வீண்போகவில்லை. பின்னர் வந்த ரஷ்ய வடிவமைப்புகளில் உலைக்கு அடியிலேயே உருகல் தாங்கி ஒன்றை முன்கூட்டியே வைக்கிறார்கள். நம் கூடங்குளம் உலைகளிலும் அது இருக்கிறது.

ஃபுகுஷிமாவில் போய்ச் சேர்ந்த நீர் வேறொரு துன்பத்தைக் கொண்டுவந்தது. உலையின் அடிப்பகுதி ஓட்டை. ஊற்றிய நீர் எரிபொருளைத் தழுவிக் கீழே ஒழுகிச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் சுமந்துகொண்டு நிலவறைகளில் தேங்கியது. ஏப்ரல் 2 அன்று 2ஆம் உலைக்கு அருகே ஒரு குழியின் வெடிப்பு வழியே அந்த நீர் நேராகக் கடலில் கொட்டுவதைக் கண்டார்கள். கான்கிரீட் ஊற்றினார்கள், பிடிக்கவில்லை. நீரை உறிஞ்சிப் பருக்கும் பாலிமர், மரத்தூள், கிழித்த செய்தித்தாள் எல்லாவற்றையும் போட்டார்கள், நிற்கவில்லை. நீர் எந்த வழியாக வருகிறது என்று அறியக் குளியல் உப்பைக் கரைத்து வெண்மையாக்கி ஓடவிட்டார்கள். கடைசியில் சோடியம் சிலிக்கேட் கரைசலை மண்ணுக்குள் செலுத்தி 6ஆம் தேதி காலை அடைத்தார்கள். இன்னும் மோசமான நீருக்கு இடம் வேண்டுமென்று, குறைந்த கதிரியக்கம் கொண்ட 10,000 டன்னுக்கும் மேற்பட்ட நீரை அதே நாட்களில் வேண்டுமென்றே கடலில் விட்டார்கள். அந்தக் கரை மீனவர்கள் பட்ட மனவேதனையை நம் கரையோர மக்களிடம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஜூன் மாதம் தொடங்கி, தேங்கிய நீரை வடிகட்டித் திரும்ப உலைக்கே ஊற்றும் சுழற்சி வந்தது. அதற்குள் மலைப்பக்கத்து நிலத்தடி நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 டன் நிலவறைகளுக்குள் கசிந்து சேர்ந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க நான்கு உலைகளைச் சுற்றி ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் ஆழத்துக்கு, மண்ணையே உறையவைத்து ஒரு சுவர் எழுப்பினார்கள். குழாய்களில் மைனஸ் 30 டிகிரி உப்புக்கரைசல் ஓடுகிறது. கிணறுகள் வெட்டி இறைத்தது, தரையைத் தளம்போட்டு மூடியது எல்லாம் சேர்ந்து கசிவு 100 டன்னுக்கும் கீழே இறங்கியது. வடிகட்டியில் பிடிபடாத டிரிட்டியம் கலந்த நீர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் 13 லட்சம் டன் வரை சேர்ந்தது. 2023 ஆகஸ்ட் 24 முதல் அதை நீர்க்கச் செய்து கடலில் விடுகிறார்கள். எஞ்சு வெப்பம் மட்டும் வெகுவாகத் தணிந்துவிட்டது. 2019 மே மாதம் 2ஆம் உலைக்குச் செல்லும் நீரைச் சில மணி நேரம் நிறுத்திப் பார்த்தார்கள், வெப்பநிலை மெல்லத்தான் ஏறியது. உருகி உறைந்த எரிபொருள் மொத்தம் 880 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் முதல்முறையாக அதிலிருந்து ஒரு துணுக்கை வெளியே கொண்டுவந்தார்கள். அதன் எடை 0.7 கிராம்.

ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நம் நாட்டில் நடந்தது. நம் மாணவர்களில் பலர் கேள்விப்படாதது.

1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணு மின் நிலையத்தில் 1ஆம் அலகின் டர்பைன் இலைகள் இரண்டு முறிந்தன. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மின்கம்பிகள் எரிந்தன. காப்பு மின்சாரமும் சேர்ந்து போனது. 17 மணி நேரம் அந்த அலகில் மின்சாரம் இல்லை. உலை நின்றுவிட்டது, எஞ்சு வெப்பம் நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் புகை நிரம்பி அங்கே இருக்க முடியாமல் போனது. ஊழியர்கள் கைவிளக்கோடு உலைக் கட்டடத்தில் ஏறி, போரான் கரைசலை உள்ளே விடும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். தீயணைப்புக்கென்று டீசலில் ஓடும் பம்புகளை இயக்கி நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீரைச் செலுத்தினார்கள். உலைக்குள் இருந்த கனநீர், சூடானது மேலே ஏறுவதும் குளிர்ந்தது கீழே இறங்குவதுமாகப் பம்பு இல்லாமலே சுற்றி வந்து சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எரிபொருள் சிதையவில்லை. கதிரியக்கம் வெளியே போகவில்லை. வால்வு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு இருட்டிலும் தெரிந்திருந்தது.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் கல்பாக்கத்திலோ கூடங்குளத்திலோ வேலைக்குச் சேரலாம். பலர் உரத் தொழிற்சாலைக்கோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கோ போகலாம். எங்கே போனாலும், மின்சாரம் முழுக்கப் போய்விட்டால் கையால் திறக்கக்கூடிய வால்வு எது, அதற்குப் போகும் படிக்கட்டு எது, அந்தத் தடத்தில் நீர் வேறு எங்கே பிரிந்து போகும் என்று முதல் மாதத்திலேயே மூத்தவர்களிடம் கேளுங்கள். கேட்டதோடு விடாதீர்கள். ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு, இரவுப் பணியில், அங்கே நடந்து போய் அந்தச் சக்கரத்தை ஒருமுறை கையால் தொட்டுவிட்டு வாருங்கள்.